புகையும் நிலத்தில் ஒரு கான்

கொச்சிக்கடையில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அந்த அக்கா, தன் சட்டைக் கையை அடிக்கடி முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்தார். மெலிந்த முகம், சிவந்த கண்கள்.

“புகை மணக்குதா தம்பி?” என்று கேட்டார்.

வத்தளைக்கு அப்பால் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் அவர் வீடு. அதன் பின்பக்கத்து நிலம் சில நாட்களாகப் புகைந்துகொண்டிருந்ததாம்.

அப்போது தூறத் தொடங்கியது. “மழை வந்திட்டுது அக்கா, அணைஞ்சிடும்” என்றேன்.

“இதுக்கு மேல்புல்லுதான் நனையும். நெருப்பு மண்ணுக்குள்ள, மக்கின வேருக்குள்ள எரியுது. கீழ இருக்கிற தண்ணி மேல ஏறினாத்தான் சாகும்.”

தண்ணீர் ஏறாததற்குக் காரணமும் சொன்னார். போன வெள்ளத்தில் வீடு மூழ்கிய பிறகு, அவர் கணவரும் அயலவர்களும் சேர்ந்து தண்ணீர் வடிந்தோட வாய்க்கால்போல ஒரு கான் வெட்டினார்கள். அது வெள்ளத்தோடு நிலத்தின் ஈரத்தையும் வடித்துவிட்டது.

“அப்ப கானை அடைச்சிடலாமே?”

“அடைச்சா, பெருமழைக்குத் தண்ணி எங்கட கட்டில்ல வந்து படுக்கும்” என்று சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. “நீங்க படிச்ச பிள்ளை. சொல்லுங்க, எது முதல்ல வரும்? நெருப்பா, வெள்ளமா?”

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். யார் எதைக் கேட்டாலும் ஏதாவது சொல்லியே பழக்கம். ஆனாலும், “தெரியாது அக்கா” என்றேன்.

அவர் போனை எடுத்துக் கணவரிடம், “இஞ்ச பாருங்க, கானில பாதி உயரத்துக்கு மட்டும் மண்மூட்டை போடுங்க” என்றார். பிறகு இறங்கிப் போய்விட்டார்.

பெயர்கூடக் கேட்கவில்லை. வெள்ளவத்தையில் என் அறையில் இருந்தபடி, மழை ஓய்ந்தாலும் அந்த வீட்டை நினைக்கிறேன். ஓயாமல் பெய்தாலும் நினைக்கிறேன்.