ஒன்பது முகமும் ஒரு கட்டைவிரலும்

மக்களே, 'சிப்பிக்கோட்டை' புத்தகமா வந்துடுச்சு... அச்சடிச்சு, அட்டை போட்டு, இதோ என் மடியிலேயே கிடக்குது!!!

எது சிப்பிக்கோட்டை என்று கேட்பவர்கள் கொஞ்சம் உட்காருங்கள். தொண்ணூறுகளின் கடைசிக்கு ஒரு நடை போய்வருவோம்.

ஈரச் செருப்பு, ஏசி குளிர், பஷீர் பாயின் அத்தர்... மூன்றும் கலந்த ஒரு வாசனை. பாண்டி பஜாருக்குப் பின்பக்கம், துணிக்கடை மாடியில் இருந்த அவருடைய பிரௌசிங் சென்டர். நான் அப்போது காலேஜ் முதல் வருஷம்.

ஒரு நாள் எதையோ தேடி, எதையோ கிளிக் பண்ணி, ஒரு பக்கத்தில் போய் விழுந்தேன். திரை முழுக்க கொத்துக் கொத்தாகக் கிறுக்கல். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ்ப் பக்கத்துக்கும் தனி ஃபாண்ட். அதை இறக்கிப் போட்டால்தான் எழுத்து தெரியும். யாரும் சொல்லித்தரவில்லை, தட்டுத்தடுமாறி நானே போட்டேன்.

கிறுக்கல் மறைந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் முகிலி என்கிற பெண் நின்றாள். பக்கத்தில் அவள் வளர்க்கும் திருக்கை மீன். கடலுக்கு அடியில் ஒரு கோட்டை... அதுதான் 'சிப்பிக்கோட்டை' தொடர்கதை.

அதுவரை நான் படித்த மாயக் கதைகளில் எல்லாம் பனிமலைதான். இதில் நம் கடல்! நம் மீன்! வெற்றிலை போடுகிற ராட்சசன்!

எழுதியவர் 'கரையோரி'. புனைபெயர். "பெரியவங்க மாயாஜாலம் படிக்க மாட்டாங்க" என்று பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். சரி என்று தானே பக்கம் திறந்து, வாராவாரம் ஒரு அத்தியாயம் போட்டுக்கொண்டிருந்தார்.

வைரஸ் பயத்தில் பாய் ஒரே ஒரு மெஷினில்தான் ஃபாண்ட் போட விட்டார். மூலை மெஷின். எனக்கோ நல்ல வரி வந்தால் வாய் சும்மா இருக்காது, சத்தமாக வாசித்துவிடுவேன். தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

பையனுக்கு மெயில் அனுப்ப வரும் அபிராமபுரம் மாமா. ஏசி காற்றுக்காக மாடி ஏறும் ஆட்டோக்காரர் தேசிங்கு அண்ணன். அவருக்கு ஊர் கடலோரப் பட்டினப்பாக்கம், கடல் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார். இப்படியே சேர்ந்து ஒன்பது பேர் ஆகிவிட்டோம்.

"திருக்கை பறக்குமோ? கொஞ்சம் ஓவரா இல்லையோ?" என்பார் மாமா.

"இன்னா மாமா இப்டி சொல்லிட்ட? தண்ணிக்கு மேல சும்மா ஜிவ்வுனு எகிறும். நானே பாத்துக்கீறேன்!"

"ஏம்மா, இது பிரௌசிங் சென்டரா, கதாகாலட்சேபமா?" என்று கல்லாவிலிருந்து பாய் கத்துவார்.

அப்புறம் ஒரு வாரம்... முகிலி பாறை உச்சியிலிருந்து திருக்கையின் முதுகில் குதிக்கிறாள். அத்தோடு அத்தியாயம் முடிந்தது. கீழே ஒரு குறிப்பு. 'யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன்.'

விடுவோமா? வாசகர்கள் கருத்து எழுத அந்தப் பக்கத்திலேயே இருந்த கெஸ்ட் புக்கில் ஒன்பது பேரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டோம். தேசிங்கு அண்ணன் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன்.

அடுத்த வாரம் ஆசையாகத் திறந்தால் கதை இல்லை. 'ஒரே கம்ப்யூட்டரிலிருந்து ஒன்பது பெயர்கள். என்னைத் தேற்ற ஒருவரே ஒன்பது பேராக நடிக்க வேண்டாம். நன்றி, வணக்கம்.'

பின்னால் நின்றவர்களுக்கு அதையும் வாசித்துக் காட்டினேன்.

"அப்போ நான் பொய்யா?" என்றார் மாமா.

"இன்னாது, நான் டூப்பா?" தேசிங்கு அண்ணனுக்குக் கோபத்தில் மூக்கு சிவந்தது.

கல்லாவிலிருந்து பாய் எழுந்து வந்தார். கையில் கேமரா.

"எல்லாரும் மெஷின் முன்னாடி நில்லுங்க. போட்டோ அனுப்புவோம். அந்தப் பொண்ணு பொழைச்சாளா இல்லையானு தெரியாம எனக்கே சோறு எறங்கல."

நாங்கள் திரும்பி அவரையே பார்த்தோம். இத்தனை நாளும் கத்திக்கொண்டே கேட்டிருக்கிறார் மனுஷன்!

ஃபிலிம் ரோல் முடிந்தால்தானே கழுவ முடியும்? மிச்சத்துக்கு மாடிப்படி, கடை போர்டு, தேசிங்கு அண்ணனின் ஆட்டோ என்று எடுத்துத் தீர்த்தார். பிரிண்ட் வந்ததும் ஸ்கேன் பண்ணி மெயிலில் ஏற்றினால், பாதியிலேயே நிற்கிறது... திரும்பவும் முதலிலிருந்து...

"எல்லாரும் மவுஸ்லேந்து கைய எடுங்க! போட்டோ போவுது!" என்று பாய் கத்தினார். எல்லா மெஷினுக்கும் ஒரே லைன்தான்.

மொத்த சென்டரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. வேறு வேலையாக வந்தவர்கள்கூட மூச்சு விடவில்லை. போய்ச் சேர்ந்ததும் விசில் அடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? மாமா!

சில நாளில் அந்தப் போட்டோ கரையோரியின் முகப்புப் பக்கத்திலேயே இருந்தது. அதற்குக் கீழே, 'ஒன்பது முகம். மூலையில் படம் எடுத்தவரின் கட்டைவிரல். ஆக, பத்து வாசகர்கள். இனி நிறுத்த எனக்கு உரிமையில்லை.'

அதற்கும் கீழே... புது அத்தியாயம்!

முகிலி விழவில்லை. திருக்கை பறந்தது.

"நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்ல!" தேசிங்கு அண்ணன் கத்திய கத்தலில் கீழே துணிக்கடைக்காரர் மேலே ஓடி வந்துவிட்டார்.

இன்று எந்த ஃபாண்டும் தேட வேண்டாம். தானே எழுதி, தானே வெளியிடுபவர்களின் மாயக் கதைகளைப் படுத்துக்கொண்டே போனில் படிக்கிறேன். ஜாலிதான். ஆனால் என் தோளுக்குப் பின்னால் நின்று "அப்புறம்?" என்று கேட்க ஆள் இல்லை.

கரையோரி இந்தப் புத்தகத்தையும் தானேதான் அச்சடித்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில் எங்கள் போட்டோ. பாய்க்கு போன் போட்டுச் சொன்னேன். "என் விரல் நல்லா விழுந்துருக்கா?" என்று கேட்டார்.

தேசிங்கு அண்ணன்தான் இன்னும் கிடைக்கவில்லை. இதை ஷேர் பண்ணுங்கள், பட்டினப்பாக்கம் பக்கம் யாராவது அவரிடம் சொல்லுங்கள். அட்டைப்படத்தில் உங்கள் திருக்கைதான், அண்ணா... பறந்துகொண்டிருக்கிறது.

வருகிற ஞாயிறு சாயந்திரம் பனகல் பார்க்கில் முதல் அத்தியாயத்தைச் சத்தமாக வாசிக்கப் போகிறேன். வந்து பின்னால் நில்லுங்கள். "அப்புறம்?" என்று கேளுங்கள்.