பத்து இருபதுக்குச் சொன்ன பதில்

திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்கு நான் ‘இல்லை’ என்றேன். சுகாதார நிலையத்தில் கொடுத்த சீட்டில் அந்த நேரம் அச்சாகியிருக்கிறது.

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் தன் அப்பாவோடு விடுமுறையைக் கழித்துவிட்டு வந்த மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். நர்ஸ் கையில் ஒரு தொடுதிரை டேப். எந்தக் கொசுக்காய்ச்சல் என்று கண்டுபிடிக்கும் புரோகிராம் அதில் இருந்தது. அனுபவப்பட்ட டாக்டர் கேட்பதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்கும். நாம் சொல்லும் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வி வரும். கண்ணுக்குப் பின்னால் வலியா, மூட்டு வீங்கியதா, தடிப்பு உண்டா.

“எங்க கணக்கு டீச்சரே இதுகிட்டத் தோத்துருவாங்க” என்றாள் மகள். நர்ஸ் சிரித்துவிட்டார்.

“வேற மருந்து எதுவும் குடுத்தீங்களாக்கா?” என்றார் நர்ஸ்.

“இல்ல.”

நான் பொய் சொல்லவில்லை. ஏலக்காய் எடுப்பவர்கள் நாளெல்லாம் குனிந்துவிட்டு வந்ததும் டீயோடு ஒரு மேல்வலி மாத்திரை போடுவார்கள். தோட்டத்துக் கடையில் மிட்டாய் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும். அதை நாங்கள் மருந்தென்று சொல்வதில்லை. டாக்டர் எழுதிக் கொடுப்பதுதான் மருந்து. கணவர் கொடுத்துவிட்ட அந்த மாத்திரை அட்டையிலிருந்து மகளுக்குக் காலையும் மாலையும் ஒன்று கொடுத்துக்கொண்டிருந்தேன். டெங்குவில் அது ரத்தக்கசிவைக் கூட்டுமாம். ‘ஆமாம்’ என்றிருந்தால் அந்தப் புரோகிராம் அவளை அங்கேயே படுக்கவைக்கச் சொல்லியிருக்கும். இதெல்லாம் பிறகு நர்ஸ் சொன்னது.

திரை மஞ்சளானது. டெங்குவாக இருக்கலாம், நிறைய நீராகாரம், நாளை வரவும்.

மறுநாள் காலை காய்ச்சல் விட்டிருந்தது. நிம்மதியாக இட்லி ஊற்றினேன். அவள் வாய் கொப்பளித்த தண்ணீர் சிவப்பாக இருந்தது. கை சில்லிட்டிருந்தது.

மறுபடி அதே நாற்காலி, அதே கேள்விகள். மருந்துக் கேள்விக்கு மறுபடியும் ‘இல்லை’ என்றேன். திரை சிவப்பானது. தேனிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். “இவ்வளவு வெரசா ஏன் ரத்தம் கசியுது?” என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். அவளைப் படுக்கவைத்திருந்த கட்டிலுக்கடியில் செருப்பை நேராக வைத்தேன். எடுத்து மறுபடியும் நேராக வைத்தேன்.

மகள் பிழைத்துவிட்டாள். பள்ளிக்கூடம் போகிறாள். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அன்று ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே ஒரு ஜீப்பு வந்து நின்றது. மலையிலிருந்து இறங்கி வந்த கணவர், டாக்டர் பக்கத்தில் நிற்கும்போதே, சட்டைப்பையிலிருந்து ஒரு புது மாத்திரை அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இந்தா, பிள்ளைக்குக் குடு. முந்தி கொடுத்துவிட்டது தீந்துருக்கும்ல?”