வலப்பக்கம் தள்ளும் கை

இன்று காலை தெருப் பிள்ளைகள் "மீ லாபீ!" என்று கத்தியதும் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து ஓடினேன். கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். யாங்கோனில் இப்போது எங்கள் பிழைப்பே அந்தக் கூச்சலில்தான் இருக்கிறது. மறுபடி போவதற்குள் முடிக்க வேண்டுமே என்று ஒரு சட்டைக்கு அவசரமாகக் காலர் வைத்தேன். தைத்து முடித்த கை என்னைக் கேட்காமலே சட்டையை வலப்பக்கம் தள்ளிவிட்டது. அங்கே யாரும் இல்லை. சட்டை தரையில் கிடந்தது.

குனிந்து எடுக்கும்போது மிஷின் எண்ணெய் வாசனை. அது மூக்கில் ஏறினால் எனக்கு மிங்கலாடோன் தையல் கம்பெனி ஞாபகம்தான். எங்கள் பேட்டை தின்கன்ஜூனிலிருந்து விடியுமுன் ஃபெர்ரி கிளம்பும். எங்கள் ஊரில் கம்பெனி பஸ்ஸுக்கு அதுதான் பெயர், தண்ணீரில் போகிறதென்று நினைத்துவிடாதீர்கள். சாரதா எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். ஒரு கன்னத்தில் தனாக்கா மரப்பட்டை அரைத்துப் பூசியிருக்கும், மறு கன்னத்துக்கு பஸ் சிக்னலில் நிற்க வேண்டும்.

லைனில் என் வலப்பக்கம் அவள்தான். நான் காலர் வைத்துத் தள்ளுவேன், அவள் எடுத்துச் சட்டைக்குக் கை வைப்பாள். அத்தனை வருஷமும் நான் வேறொன்றும் தைத்ததில்லை. ஒரு கல்யாண வீட்டில், "நீதான் பெரிய டெய்லராச்சே, எனக்கு ஒரு ரவிக்கை தச்சுக் குடேன்" என்று ஒரு அத்தை கேட்டபோது, பந்தியில் பாயசம் வருமுன்னே நழுவி வந்தவள் நான்.

பிறகு ஆர்டர் நின்றது. எங்கள் சட்டைகளை வாங்கிய வெளிநாட்டுக் கடைக்காரர்கள் வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள், அங்கே வரி குறைவாம். ஒரு சனிக்கிழமையோடு கம்பெனியைப் பூட்டினார்கள். இப்படி வேலை போனவர்களுக்கென்று அரசாங்கத்தில் ஒரு உதவி வந்தது. முழுச் சட்டை தைக்கப் பழக்குவார்கள். கடைசியில் ஒரு பரீட்சை. தனி ஆளாக ஒரு சட்டை தைத்துக் காட்டினால் ஒரு மிஷின் இலவசம்.

சாரதாவுக்கு அந்த மிஷின் உயிர். புருஷன் இல்லை, இரண்டாம் வகுப்பில் ஒரு மகள். தாய்லாந்துக் கம்பெனிக்கு ஆள் கூட்டிப்போகும் வேன் ஒன்றில் அவள் தம்பி இடம் சொல்லி வைத்திருந்தான். "மிஷின் கெடச்சா நான் ஏன்க்கா போறேன்? புள்ளைய விட்டுட்டு எவ போவா?" என்பாள். அவள் போய்விடுவாளோ என்று அவளைவிட எனக்குத்தான் பயம்.

வகுப்பில் முதல் நாளே, யாரும் சொல்லாமல், லைனில் உட்கார்ந்த வரிசையிலேயே உட்கார்ந்தோம். சொல்லிக்கொடுத்த சயாமா பின்னாலேயே நடந்து, "உன் சட்டை உன் மடியில" என்று பர்மியத்தில் அதட்டிக்கொண்டிருந்ததால் சமாளித்தோம்.

பரீட்சையன்று அவர் உள்ளே வரக்கூடாதென்று வெளியே நிறுத்திவிட்டார்கள். மேற்பார்க்க வந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்து, "மதியத்துக்கு மேல கரண்ட் இருக்காது, சீக்கிரம்" என்றார். அவ்வளவுதான். சீக்கிரம் என்றால் எங்கள் கைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. நான் காலர் வைத்தேன், தள்ளினேன். சாரதா எடுத்தாள். என் இடப்பக்கத்திலிருந்து அடுத்த சட்டை வந்தது. கம்பெனி நாட்களைப்போல அறை முழுக்க ஒரே இரைச்சல். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வரிசைக் கடைசியில் பொத்தான் தைக்கும் மா சோ தலையை நிமிர்த்தி "அமலே!", ஐயோ அம்மா, என்று அலறிய பிறகுதான் விழித்தோம். முடிந்த சட்டைகள் அத்தனையும் அவள் மேசையில் குவிந்திருந்தன. முதலில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த அம்மாளும் சிரித்தார். ஒரு சட்டையை வெளிச்சத்தில் பிடித்து, "குறையே இல்ல" என்றார். பிறகு சாரதாவைப் பார்த்து, "இதுல உன் சட்டை எது?" என்று கேட்டார்.

எல்லாச் சட்டையிலும் அவள் வைத்த கை இருந்தது. எதை எடுத்துக் காட்டுவாள்?

கெட்டவர் இல்லை அந்த அம்மாள். ஒருவர் ஒரு சட்டை என்பதுதான் விதி, அடுத்த மாதம் மறுபடி வைக்கிறோம் என்றார். வேன் அந்த வாரமே கிளம்புகிறது. நான் கெஞ்சினேன், மா சோ கெஞ்சினாள். சாரதா மட்டும் ஊசியைக் கழற்றி வைத்து, "யபாதே அக்கா, பரவால்ல" என்றாள். மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த மாதம் எனக்கு மிஷின் கிடைத்தது. இப்போது ரவிக்கை, சட்டை எல்லாம் நானே முழுசாகத் தைக்கிறேன், அந்த அத்தைக்கும்கூட. கம்பெனிக் கொட்டகையில் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். ஃபெர்ரி எங்கள் முனைக்கு வருவதில்லை. போன வாரம் சாரதா போனில் பேசினாள். "இங்கயும் சட்டைக் கைதான்க்கா. பக்கத்துல ஒரு புள்ள காலர் வக்கிறா. ஒங்க மாதிரி தள்ளத் தெரியல, நான்தான் எட்டி எடுக்க வேண்டியிருக்கு."

பக்கத்து வீட்டுக்காரி, மிஷினுக்கு வலப்பக்கம் ஒரு கூடை வைத்துக்கொள்ளச் சொல்கிறாள், துணி அழுக்காகாதாம். நல்ல யோசனைதான். வைக்க மனம் வரவில்லை. அது சாரதா உட்கார்ந்த இடம்.