களாப்புதரில் ஏழு முட்டை

ஐம்பதுகளில், நான் கல்யாணமாகி ராயக்கோட்டைப் பக்கம் வந்த மறு வருஷம் அது. கொள்ளு அறுத்து முடிந்த மேட்டு நிலத்துக்குத் தினமும் புல் அறுக்கப் போவேன். அங்கே பங்குனி வெயிலில் இரண்டு ஆண் கவுதாரிகள் ஒரு பெட்டைக்காகக் கால்முள்ளால் குத்திக்கொண்டு உருண்டன. ஜெயித்தது கல்மேட்டில் ஏறி நின்று ஊருக்கே கேட்கும்படி கத்தியது. பெட்டை அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

கொஞ்ச நாளில் களாப்புதரின் அடியில் கூட்டைக் கண்டேன். கூடு என்ன கூடு, கையகலப் பள்ளம், நாலு காய்ந்த புல். அதில் ஏழு முட்டை, பாலாடை நிறத்தில். அடையில் இருக்கும் பெட்டை, என் பாதம் பக்கத்தில் விழுந்தாலும் அசையாது. ஆண் தள்ளி நின்று காவல் காக்கும். வேறோர் ஆணின் குரல் கேட்டால் சண்டைக்கு ஓடும்.

இதையெல்லாம் என் புருஷனிடம் மட்டும்தான் சொன்னேன். அவர் தன் அண்ணனிடம் சொல்லிவிட்டார்.

அண்ணன் வேட்டைக்கென்றே ஓர் ஆண் கவுதாரியைக் கூண்டில் வளர்த்தவர். மறுநாள் காலை நான் போனபோது அண்ணன் தம்பி இருவரும் அங்கே இருந்தார்கள். கூண்டுக் கவுதாரி கத்தியதும் காவல் நின்ற ஆண் சண்டைக்கு ஓடிவந்து கண்ணியில் மாட்டியிருந்தது. பெட்டையைக் கூட்டிலேயே வலை போட்டு அமுக்கியிருந்தார்கள். இரண்டையும் காலைக் கட்டி அண்ணன் என்னிடம் நீட்டினார். முட்டைகள் அவர் துண்டில் இருந்தன.

"மத்தியானத்துக்குக் கொழம்பு வெச்சிடும்மா."

"அடையில இருக்கறதப் போயி புடிச்சிருக்கீங்களே மாமா, எப்படி மனசு வந்துச்சு?"

"அடையில இருந்தாத்தானே ஓடாது" என்று சிரித்தார்.

புருஷனைப் பார்த்தேன்.

"அண்ணன் சொல்றாரில்ல, செய்யி புள்ள" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. புல்லறுக்கும் அரிவாளாலேயே பெட்டையின் கால்கட்டை அறுத்தேன். விர்ரென்று எழும்பி வேலிக்கு அப்பால் விழுந்து ஓடியது. ஆணின் கட்டில் அரிவாளை வைப்பதற்குள் அண்ணன் பறவையைப் பிடுங்கிக்கொண்டார்.

"பொம்பளைக்கு இவ்ளோ திமிரா?"

"திமிருதான். நீங்களே ஆக்கித் தின்னுங்க."

தின்றார்கள். முட்டைகளை உடைத்தபோது உள்ளே குஞ்சு திரண்டிருந்தது. எருக்குழியில் கொட்டினார்கள்.

புருஷனோடு ஒரு மாதம் நான் பேசவில்லை. "ஒரு பறவைக்கா இவ்ளோ?" என்று கேட்டார். பறவைக்கு மட்டுமில்லை என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

மறு வருஷம் அண்ணன் கூண்டோடு கிளம்பிய காலைகளில் நானும் தகர டப்பாவோடு கிளம்பினேன். அவர் கண்ணி வைத்த இடத்தில் நின்று, ஒரு கவுதாரியும் கிட்டே வராதபடி டப்பாவைத் தட்டினேன். மூன்றாம் நாள் அவர் கூண்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர்க் காட்டுக்குப் போனார். அங்கேயும் கூடுகள் இருந்திருக்கும். நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.