நாலு பெட்டி தள்ளி

இதை எழுதாமலே விட்டிருப்பேன். அடுத்தவனைக் கிண்டலடிக்கவே எனக்கு நேரம் போதவில்லை. என் முட்டாள்தனத்தை நானே உட்கார்ந்து எழுத வேண்டுமா என்றுதான் இருந்தேன்.

மீமிசல் பக்கம் ஓர் இறால் குஞ்சுப் பண்ணையில் எனக்கு எலக்ட்ரிக் பேனல் வேலை. ஐ.டி.ஐ.யைப் பாதியில் விட்டவன்தான், ஆனாலும் ஒயர் முறுக்கத் தெரியும். அங்கே நாலு தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஆக்ஸிஜன் பார்க்கிற சென்சார் ஒன்று தொங்கும். அது அனுப்புகிற துளியூண்டு கரண்டை அனலாக் மாடியூல் எண்ணாக மாற்றி, பி.எல்.சி. என்கிற குட்டிக் கம்ப்யூட்டரின் மெமரியில் வரிசையாக இருக்கும் பெட்டிகளில் போட்டுவிடும். சுவரில் மாட்டிய திரைக்குத் தொட்டி எதுவென்று தெரியாது. பெட்டி நம்பர்தான் தெரியும்.

புதிதாக நாலு தொட்டிகள் கட்டினார்கள். ஐந்து முதல் எட்டு வரை. அவற்றைப் பார்த்துக்கொள்ள என் கூட்டாளியை நான்தான் சேர்த்துவிட்டேன். ஒரு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகச் சொன்னார் மேனேஜர். அவன் தொட்டிகளுக்கான மாடியூலையும் நானே மாட்டினேன். பழைய மாடியூலுக்கு முன்னால் ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் செருகினேன்.

மூன்றாம் நாள் காலையில், திரையில் ஐந்தாம் தொட்டியின் எண் இறங்கியது. அவன் ஓடிப்போய்க் காற்று வால்வைத் திறந்தான். ஏறவில்லை. முழுசாகத் திறந்தான். இன்னும் இறங்கியது.

"என்ன மாப்ள, ஒன் மூஞ்சியப் பாத்து இறாலு மூச்ச அடக்கிக்கிருச்சா?" என்றேன்.

"குஞ்சு எல்லாம் நல்லா நீந்திக்கிட்டுத்தான்டா திரியுது. வந்து பாரேன்."

"அப்ப திரை பொய் சொல்லுதா? நீ அங்கிட்டுப் போயி போனு பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்ப."

இதைக் கேட்டுக்கொண்டே மேனேஜர் வந்துவிட்டார். "தம்பி, வால்வத் தொறக்கவே ஒனக்கு முடியலயே. நாளையிலருந்து வர வேணாம்."

"தொறந்துதாங்க இருக்கு."

அவர் திரையைக் கைகாட்டினார். அவன் சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு, என்னை ஏறிட்டும் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தான்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஐந்தாம் தொட்டிக்குப் போனேன். குஞ்சுகள் நன்றாகத்தான் திரிந்தன. சென்சாரைத் தண்ணீரிலிருந்து தூக்கினேன். திரையில் ஐந்தாம் எண் அசையவே இல்லை. குதித்தது ஒண்ணாம் எண்.

பந்தியில் முன்னால் நாலு பேரை நுழைத்தால் மற்றவர்கள் நாலு இலை தள்ளித்தானே உட்கார வேண்டும். நான் முன்னால் செருகிய மாடியூல் முதல் நாலு பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு, பழைய தொட்டிகளைப் பின்னால் தள்ளிவிட்டது. ஐந்து என்று திரை காட்டியது ஒண்ணாம் தொட்டியை. அவன் திறந்த காற்றெல்லாம் ஐந்தில்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மேனேஜரிடம் போனேன். "தப்பு எம்மேலங்க. அனுப்புறதா இருந்தா என்னய அனுப்புங்க."

அவர் ஐந்தாம் தொட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு, "அவன வரச் சொல்லு" என்றார்.

போனில் தட்டினேன்: "மாப்ள, நீ பாத்தது ஒண்ணாந் தொட்டி நம்பரு. மாத்தி மாட்டுனது நான்தான், மேனேஜர்ட்ட சொல்லிட்டேன். நாளைக்கு வேலைக்கு வா. வந்து எம்புட்டு வேணாலும் திட்டிக்க."

பஸ்ஸிலிருந்து உடனே பதில் வந்தது.

"மொதல்ல ஒண்ணாந் தொட்டிக்குக் காத்தத் தொறந்து விடுடா."