ஏழாம் நம்பர் மட்டை

ஜெனரல் மேனேஜரின் மனைவி, நாங்கள் ஜி.எம். அம்மா என்போம், அவர் அடித்த பந்து முதன்முதலாகத் தரையைவிட்டு எழும்பிய காலை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. சாம்பல் படிந்த புல்லிலிருந்து கிளம்பிய பந்து புகைபோக்கிகளின் பக்கம் உயர்ந்து, பள்ளத்தைத் தாண்டி, கொடி நட்டிருந்த குழிக்குப் பத்தடி தள்ளிப் போய் நின்றது. அந்த அம்மாள் வயதை மறந்து கை தட்டினார். பக்கத்தில் பையைச் சுமந்துகொண்டு நின்ற என் அண்ணி மட்டும் மட்டையை அவசரமாக வாங்கி அதன் தலைக்கு உறையை மாட்டினாள். அந்த அவசரம் ஏன் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவளும் ஸ்டோர் வாசலில் நின்றிருந்த நானும்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. எங்களுக்கு வீடு எர்ணாவூரில். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் அதிகாரிகள் கிளப்பில் நான் ஸ்டோர் கீப்பர். கிளப்புக்கு ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் உண்டு. மைதானம் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம்; உப்புக் காற்றில் கருகிய புல், நடுவில் மொட்டைத் தரை, சில நாள் குப்பத்து ஆடுகள். அண்ணன் வேலை பார்த்த இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி மூடிக் கிடந்ததால் அண்ணியை நான்தான் அங்கே களை பிடுங்கச் சேர்த்துவிட்டேன். அதிகாரிகளின் மனைவிமார் ஆட ஆரம்பித்ததும் அவளுக்குப் பை தூக்கும் வேலை வந்தது. வருடக் கடைசியில் ஒரு பெண்ணை நிரந்தரமாக்குவோம் என்று செகரெட்டரி சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அண்ணன் வீட்டில் அடுப்பு எரிந்தது.

பயிற்சியில் அடித்த பந்துகளைப் பொறுக்கி வருவதும் அண்ணிதான். எந்த அம்மாள் பந்து எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு உருளும் என்பது அவள் காலுக்குத் தெரியும். தரையில் கிடக்கும் பந்தைத் தூரமாக அடிக்கப் பருத்த தலையுள்ள மட்டை ஒன்று இருக்கிறது, ஃபேர்வே வுட் என்பார்கள். மூன்று, ஐந்து, ஏழு என்று நம்பர் ஏற ஏறத் தலையின் முகம் சாய்ந்துகொண்டே போகும், பந்து சுலபமாக எழும்பும். மெதுவாக வீசும் கைக்கு ஏழுதான் தோது. மூன்றாம் நம்பரைக் கையாள வேகம் வேண்டும், இல்லாவிட்டால் பந்து புல்லைத் தேய்த்துக்கொண்டே ஓடும். இதை எனக்கு யாரும் புத்தகத்தில் காட்டவில்லை. "வேகமா வீசுறவங்களுக்கு மூணு குடு தம்பி. மெதுவா வீசுறவங்களுக்கு ஏழுதான். இதுல இன்னா கீது?" என்று களை பிடுங்கிய கையை முந்தானையில் துடைத்தபடி அண்ணி சொன்னதுதான்.

அதுவரை பெண்கள் ஆடியது கணவன்மார் கழித்துப்போட்ட மட்டைகளில். நீளத்தை மட்டும் அறுத்துக் கொடுத்திருந்தார்கள். தண்டு கடப்பாறை மாதிரி விறைப்பாக இருக்கும். இதில் எப்படி ஆடுவது என்று பேச்சு கிளம்பியதும் பெண்களுக்கென்றே லேசான தண்டோடு புது மட்டைகள் வந்து இறங்கின. யாருக்கு எது என்று அண்ணியைக் கேட்டு ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு போனேன். செகரெட்டரி அதைப் படிக்கக்கூட இல்லை. "ஜி.எம். வைஃபுக்கு ஏழா? இன்ஜினியர் வைஃபுக்கு மூணா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? கிரேடு பார்த்துக் குடுய்யா" என்றார். தொழிற்சாலையில் அறையும் காரும் எப்படிக் கொடுக்கப்பட்டனவோ, மட்டையும் அப்படியே கொடுக்கப்பட்டது. ஜி.எம். வீட்டுக்கு மூன்று, அடுத்த நிலைக்கு ஐந்து, சின்ன அதிகாரிகளின் மனைவிமாருக்கு ஏழு.

விளைவைச் சொல்ல வேண்டுமா? தோள் வலிக்காரரான ஜி.எம். அம்மாவின் பந்து ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு உருண்டது. சின்ன அதிகாரிகளின் வீட்டுப் பெண்கள் பந்தை வானத்தில் அடித்தார்கள். ஒருநாள் ஜி.எம். அம்மா மரத்தடியில் உட்கார்ந்து அழுததை அண்ணி பார்த்துவிட்டாள். அன்று மாலையே என்னிடம் வந்தாள். "ஸ்டோர்ல ஒரு ஏழு மிச்சம் கீதுல்ல? குடு. மூணாம் நம்பர் உறைய மாட்டிடறேன். பாவம், அதுவும் பொம்பளதானே." நான்தான் என் கையால் எடுத்துக் கொடுத்தேன்.

மூன்று வாரம் அந்த அம்மாள் ராணி மாதிரி ஆடினார். நீ வந்தால்தான் எனக்கு ஆட்டம் வருகிறது என்று அண்ணியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அண்ணி நிரந்தரமாகிவிடுவாள் என்று கிளப்பில் எல்லோருமே பேசினார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்ன அதிகாரி ஒருவரின் மனைவி அந்த மட்டையைச் சும்மா திருப்பிப் பார்த்தார். அடியில் ஏழு என்று பொறித்திருந்தது. "அட, நீங்களும் எங்க நம்பர்தானா?" என்று கேட்டுச் சிரித்தார். கூட இருந்த பெண்களும் சிரித்தார்கள். ஆடிய ஆட்டத்தை ஒருவரும் பேசவில்லை, நம்பரைத்தான் பேசினார்கள். ஜி.எம். அம்மா மட்டையைக் கீழே போட்டுவிட்டுக் காருக்கு நடந்தார்.

ஸ்டோர் வாசலில் வைத்து செகரெட்டரி என்னைக் கேட்டார்: "பூட்டின ஸ்டோர்லேர்ந்து மட்டை எப்படி வெளியே போச்சு? நீ குடுத்தியா?" அண்ணி குழாயடியில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம் அது. அதை ஒரு சமாதானமாகப் பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது சொல்லிக்கொள்வதில்லை. "எனக்குத் தெரியாது சார்" என்றேன். "அப்படின்னா திருட்டுதானே?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. "ஆமா சார், நான்தான் எட்த்தேன். தம்பிக்குத் தெரியாது" என்றாள் அண்ணி. அதோடு அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்கு இருவரும் எர்ணாவூருக்கு நடந்தே வந்தோம். வழியில் அவள் அழவில்லை. "ரெண்டு பேரும் வூட்ல குந்திகினா கதைக்கு ஆவுமா, அதான் ஒத்துக்கினேன்" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "ஆனா நீ ஒரு வார்த்த சொல்லுவேன்னு பாத்துகினே இருந்தேன் தம்பி" என்றாள். செய்தி எங்களுக்கு முன்பே வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. அண்ணன் எல்லோர் முன்னாலும் அவளைத் திருடி என்று திட்டினான். அவள் காசிமேட்டுப் பக்கம் இறால் உரிக்கப் போனாள். அந்த வேலையில் அவள் விரல் நுனிகள் வெந்துபோய் வருவதைப் பார்த்துக்கொண்டே நான் உத்தியோகத்தில் உயர்ந்தேன்.

இன்று அதே கிளப்பில் நான் மேனேஜர். புதிதாக ஆட வரும் பெண்கள் எந்த ஃபேர்வே வுட் வாங்கலாம் என்று என்னைத்தான் கேட்கிறார்கள். மெதுவாக வீசுகிற கைக்கு ஏழு என்கிறேன். இவருக்குத் தெரியாததே இல்லை என்கிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் யாரிடமும் அண்ணியின் பெயரைச் சொன்னதில்லை.

போன மாதம் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். பந்தியில் சம்பந்தி வீட்டாருக்கு அண்ணியே பரிமாறினாள். அண்ணன் நல்ல குஷியில் இருந்தான். "வெள்ளித் தட்டெல்லாம் எண்ணி வச்சிக்கோங்க சம்பந்தி. எங்க வூட்டம்மா ஒரு காலத்துல கிளப்பு மட்டையவே அபேஸ் பண்ணவ" என்றான். பந்தி முழுக்கச் சிரித்தது. அண்ணி சாம்பார் வாளியோடு என் இலையைத் தாண்டி அடுத்த இலைக்குப் போனாள். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.