திருப்பிக் கேட்காத நலம்

நான் தெலுங்கு பேசக் கற்றது யாருடைய உதவியுமில்லாமல் என்று உங்களிடம் சொன்னது பொய். எனக்குக் கற்றுக்கொடுத்தவனை ஒரே சொல்லில் நான் கீழே தள்ளிவிட்டேன், பிள்ளைகளே! உங்கள் அம்மாவுக்கும் இது தெரியாது.

எழுபதுகளின் தொடக்கம் அது. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் எனக்கு வேலை. எல்லைக்கு அந்தப் பக்கம், சூளூர்ப்பேட்டையில் பெண் பார்த்திருந்தார்கள். நம்மவர்கள்தாம், ஆனால் நம் வீட்டில் தெலுங்கு மறந்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. “நாலு வார்த்தை பேசத் தெரியாத பையனுக்கு எப்படிக் கொடுப்பது?” என்று சொல்லியனுப்பினார்கள்.

அப்போதுதான் யேசுரத்தினத்தைப் பிடித்தேன். என் வயதுதான் அவனுக்கும். ஆரம்பாக்கம் பக்கத்துக் காலனிக்காரன். சின்ன வயதில் ஆந்திர வயல்களில் நாற்று நட்டவனுக்குத் தெலுங்கு தண்ணீர் பட்டபாடு. மத்தியானச் சோற்று நேரம்தான் எங்கள் வகுப்பு. அவன் டிபனில் இருக்கும் கருவாட்டை நான் எடுத்துக்கொள்வேன்... அவன் சிரிப்பான்.

“வாய்ல சோத்த வச்சிக்கினு பேசாத நைனா! ‘பாகுன்னாரா’ன்னு கேட்டா ‘பாகுன்னானு’ன்னு சொல்லிட்டு கம்முனு குந்திக்காத. ‘மீரு பாகுன்னாரா’ன்னு திருப்பிக் கேக்கணும். கேக்கலன்னா மரியாத தெரியாத ஆளுன்னு பொண்ணு குடுக்க மாட்டான்!”

நலமா என்றால் நலம்; நீங்கள் நலமா? இவ்வளவுதான் பாடம். எனக்கோ நாக்கு புரளவில்லை. பயத்தில், “நீயும் கூட வாப்பா” என்றேன். சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்தான். பழத்தட்டையும் அவனே வாங்கிக்கொண்டான், நான் கை கூப்ப வேண்டுமே என்று!

வாசலில் பெண்ணின் தாய்மாமன் நின்றார். நலம் கேட்டார். நானும் பதில் சொல்லி, தவறாமல் திருப்பிக் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. பின் ரத்தினத்தைப் பார்த்து, “ஈயனெவரு?” என்றார். இவர் யார்?

நண்பன் என்றால் எந்த ஊர் என்பார்கள். ஊரைச் சொன்னால் எந்தத் தெரு என்பார்கள். அப்புறம்... சம்பந்தம் நிற்குமா? ஒரு நொடிதான் யோசித்தேன்.

“மா பனிவாடு” என்றேன். எங்கள் வேலைக்காரன்.

அந்தச் சொல்லையும் அவன்தான் சொல்லிக்கொடுத்திருந்தான்! பாஷை தெரியாதவன் முன்னால் சொல்லியிருந்தாலாவது...

அவன் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு, வெளியே தெருவோரம் போய் நின்றான். உள்ளே எனக்கும் தாய்மாமனுக்கும் வெள்ளி டம்ளரில் காப்பி வந்தது. அவனுக்கு அலுமினியக் குவளை. குடித்து முடித்து, அவனே கழுவி, கவிழ்த்து வைத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் உங்கள் அம்மா கூடத்துக்கு வந்தாள். நான் அவள் முகத்தைச் சரியாகப் பார்க்கவேயில்லை. வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில், “இன்னாபா, பாஸாயிட்ட!” என்றான். அவ்வளவுதான். திட்டியிருக்கக் கூடாதா?

மறுநாள் கம்பெனி வாசலில் கேட்டான்: “பாகுன்னாரா நைனா?”

“பாகுன்னானு” என்றேன். திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் அவன் பதில் சொல்லிவிடுவானே என்ற பயம்! அன்று மட்டுமா? தினமும் அவன் கேட்டான். தினமும் பாதியோடு நிறுத்திக்கொண்டு உள்ளே போனேன். சோற்று நேரத்தில் வேறு பக்கம் உட்கார்ந்தேன். கல்யாணத்துக்கும் அவனைக் கூப்பிடவில்லை. பிறகு வள்ளூர்ப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்றார்கள். தேடிப் போக எனக்குக் கால் எழவில்லை.

உங்கள் மாமன்மார் இன்றும் உங்களிடம் சொல்கிறார்களே, “மரியாதை என்றால் உங்கள் அப்பாதான், திருப்பி நலம் கேட்காமல் ஒருநாளும் இருந்ததில்லை” என்று... கேட்டுக்கொண்டு நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

மீரு பாகுன்னாரா, ரத்தினம்?

இங்கே, இந்தத் தாளில்தான் கேட்க முடிகிறது.